பின்னால் மிதி

ஏன்ரும், ஏப்ரல் 30

மரித்துக்கு,

போனை வைத்தது நான்தான். லைன் கட்டாகவில்லை. இந்த விஷயத்தை இனிப் போனில் பேசுவதாக இல்லை, ஏனென்றால் போனில் நீ என்னை ஒரு வாக்கியம்கூட முடிக்க விடுவதில்லை. கடிதத்தில் நடுவே புக முடியாது. உட்கார்ந்து கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

எதிர்வீட்டு கேர்ட் உனக்குச் சொன்னது அவன் பார்த்தது. இப்போது என் வாயால் கேள். நீயும் உன் தம்பி யெல்லேயும் சேர்ந்து என் எழுபத்து மூன்றாவது பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தீர்களே அந்த எலக்ட்ரிக் சைக்கிள், அதில்தான் சனிக்கிழமை வின்சுமுக்குப் போய் ரொட்டியும் வெங்காயமும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கால்வாய்ப் பாலத்துச் சரிவில் இறங்கும்போது கேர்ட் தன் தொழுவத்திலிருந்து சாணித் தொட்டி கட்டிய டிராக்டரைச் சாலைக்கு எடுத்தான். வண்டியை நிறுத்த, ஆயுசு முழுக்கப் பழைய சைக்கிளில் செய்த மாதிரி, நான் காலைப் பின்னால் மிதித்தேன். பெடல் சும்மா சுற்றியது. மறுபடியும் மிதித்தேன். மறுபடியும் சும்மா சுற்றியது. டிராக்டரா கால்வாயா என்று பார்த்தேன். கால்வாயே மேல் என்று ஹேண்டில்பாரைத் திருப்பினேன். யோசித்துத்தான் செய்தேன்.

தண்ணீர் இடுப்பளவுதான். ஏழு வயதில் உடுப்பும் ஷூவும் போட்டபடி நீந்திக் காட்டிச் சான்றிதழ் வாங்கியவள் நான். கேர்ட் கயிறு தேடிக்கொண்டிருந்தபோதே கரையேறிவிட்டேன். தலையெல்லாம் பச்சைப் பாசி. வெங்காயம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இதில் மயக்கம் எங்கே வந்தது, தலைசுற்றல் எங்கே வந்தது? நீ கேர்ட்டைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மாவுக்குக் கொஞ்ச நாளா மறதி ஜாஸ்தியா இருக்கா?" என்று கேட்டிருக்கிறாய். அவன் நல்லவன், அதனால் நேராக என்னிடம் வந்து சொல்லிவிட்டான்.

பிறந்தநாளன்று சொந்தமெல்லாம் நாற்காலியை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, கையில் கேக் தட்டோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் ரிப்பன் கட்டிய வண்டியை உள்ளே உருட்டி வந்தீர்கள். நான் கேட்ட முதல் கேள்வி ஞாபகம் இருக்கிறதா? பின்மிதி பிரேக் எங்கே என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே, "இப்ப யாரும்மா அதெல்லாம் வெச்சிருக்காங்க?" என்றாய். இருபது பேர் முன்னால் நான் என்ன சொல்ல முடியும்? நன்றி என்றேன். அந்த நன்றியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா

உட்ரெக்ட், மே 5

அம்மாவுக்கு,

"அன்புள்ள" என்று நீ போடவில்லை, அதனால் நானும் போடவில்லை.

உன் கடிதத்தை இரண்டு முறை முழுதாகப் படித்தேன். இப்போது என்னுடையதை நீ படி.

அந்த வண்டியை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. மூன்று வாரம் இணையத்தில் உட்கார்ந்து, எது எத்தனை கிலோமீட்டர் போகும், எது மழையில் நிற்கும், யார் என்ன நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து வாங்கினேன். இரண்டு கைக்கும் பிரேக் இருக்கிற வண்டி சட்டென்று நிற்கும் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். வண்டியைக் கால்வாயிலிருந்து எடுத்த பிறகு யெல்லே சோதித்துப் பார்த்தான். இரண்டு பிரேக்கும் கச்சிதமாகப் பிடிக்கிறது.

கோளாறு வண்டியில் இல்லை அம்மா. நான் உன்னோடு இரண்டு நாள் அங்கேயே தங்கிப் பழக்கினேன். அதன் பிறகு இரண்டு வாரம் நீயே ஓட்டினாய். கையால் பிடிக்க வேண்டும் என்று உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த ஒரு நிமிஷத்தில் மறந்துவிட்டாய். எனக்குப் பயம் கால்வாயைப் பார்த்து இல்லை, அந்த மறதியைப் பார்த்து. இன்றைக்குப் பிரேக், நாளைக்கு அடுப்பு.

உன் வீட்டு டாக்டருக்குப் போன் செய்து ஒரு ஞாபகப் பரிசோதனைக்கு நாள் கேட்டிருக்கிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீ கேட்கக் கூடாது. ஆமர்ஸ்ஃபோர்ட்டில் வயதானவர்களுக்கான அடுக்ககத்தில் உன் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறேன். லிஃப்ட் இருக்கிறது, கீழேயே கடை, என் வீட்டிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தான். பெயர்தான் கொடுத்திருக்கிறேன். நாளைக்கே வா என்று சொல்லவில்லை.

மரித்

ஏன்ரும், மே 9

மரித்துக்கு,

என் பெயரை என்னைக் கேட்காமல் வரிசையில் போட்டாய். உன் வயிற்றில் நானா பிறந்தேன், என் வயிற்றில் நீயா? அன்றைக்கு முழுக்க எனக்குக் கை நடுங்கியது. கோபத்தில்தான். அதையும் டாக்டரிடம் சொல்லிவிடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊரில் கடை மூடி வருஷமாகிறது. பேருந்து வேண்டுமென்றால் முன்கூட்டியே போன் செய்து கெஞ்ச வேண்டும். ரொட்டி, மருந்து, பாட்டுக் குழு, உன் அப்பாவின் கல்லறை, எல்லாம் சைக்கிள் தூரம். பழைய சைக்கிளில் எதிர்காற்றை மிதிக்க என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அதை நான் மறைக்கவில்லை. ஆக, சைக்கிள் இல்லாவிட்டால் இந்த வீடு எனக்கு இல்லை. இது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அதனால்தான் போனில் வண்டியை விட்டுவிடு, விட்டுவிடு என்றாய்.

விடமாட்டேன். நான் எலக்ட்ரிக் சைக்கிளை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அந்த இரண்டு வாரமும் காற்று முகத்தில் அடிக்க அடிக்க, யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி போனேனே, அந்தச் சுகம் எனக்குப் பிடித்திருந்தது. எனக்கு வேண்டியது என் காலுக்குத் தகுந்த வண்டி. அதை நானே தேர்ந்தெடுப்பேன், ஏறி ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பேன். நட்சத்திரம் பார்த்து இல்லை.

ஒப்பந்தம் இது. டாக்டரிடம் போகிறேன், அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறேன். வண்டியை நான் எடுக்கிறேன். ஜூன் முடிவதற்குள் ஒரு நாள் யெல்லே என் பின்னால் வரட்டும், நான் இங்கிருந்து லாவர்ஸோக் துறைமுகம் வரை போய்த் திரும்புகிறேன். ஒரு தப்பு செய்தாலும் ஆமர்ஸ்ஃபோர்ட் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன். செய்யாவிட்டால் நீ அதைப் பற்றி இனி வாய் திறக்கக் கூடாது.

இன்னொன்று. பின்மிதி பிரேக்கை இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாயே. நீ தினமும் ஆபீஸுக்கு ஓட்டுகிறாயே ஒரு கறுப்பு ஓட்டைச் சைக்கிள், அதில் என்ன பிரேக் இருக்கிறது என்று குனிந்து பார்.

அம்மா

உட்ரெக்ட், மே 16

அம்மாவுக்கு,

ஒப்பந்தம் சரி. எனக்கும் சில நிபந்தனை உண்டு. தாழ்வான நடுச்சட்டம் உள்ள வண்டிதான் எடுக்க வேண்டும், காலைத் தூக்கித் தாண்டுகிற வண்டி வேண்டாம். கழற்றுகிற பேட்டரி வேண்டும், கொட்டகையில் மின்இணைப்பு இல்லை, குளிரில் அங்கே விடவும் கூடாது. ஹெல்மெட் போட வேண்டும். ஹெல்மெட்டை நானே வாங்கி அனுப்பியிருக்கிறேன், நாளை வரும்.

அந்தக் கறுப்புச் சைக்கிளைப் பற்றிச் சொன்னாய். அது சந்தையில் கிடைத்த பழசு, இந்த ஊரில் நல்ல சைக்கிள் வைத்தால் திருட்டுப் போகும் என்று அதை ஓட்டினேன். அதையும் போன வாரம் ஸ்டேஷன் வாசலில் பூட்டோடு எடுத்துப் போய்விட்டார்கள். திருடனுக்குக்கூட ரசனை இல்லை. கடைக்காரர்கள் உன் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டதால், யெல்லே அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டிருக்கிறான். இப்போதைக்கு நான் நடக்கிறேன். நேரம் கிடைத்தால் அதைத் துடைத்து ஓட்டிப் பார்க்கிறேன். இன்னும் பாசி வாடை போகவில்லை.

கை நடுங்கியதைப் பற்றி டாக்டரிடம் சொல்ல மாட்டேன்.

மரித்

ஏன்ரும், ஜூன் 3

மரித்துக்கு,

எழுதத் தாமதமாயிற்று, ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

முதலில் டாக்டர். சின்னப் பையன், யெல்லேயைவிட இளையவன். இன்று என்ன கிழமை, இது எந்த மாகாணம் என்று கேட்டான். இந்த க்ரோனிங்கன் மாகாணத்திலேயே பிறந்து வளர்ந்தவளைப் பார்த்து இது எந்த மாகாணம் என்கிறான். ஒரு கடிகாரம் வரையச் சொன்னான், வரைந்தேன். ஐந்து வார்த்தை சொல்லி, பிறகு திருப்பிக் கேட்டான், சொன்னேன். கடைசியில் நான் அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன். உன் சைக்கிளில் என்ன பிரேக் என்றேன். கை பிரேக்தான் என்றான். பின்மிதி வண்டியில் ஏற்றிவிட்டு உன் முன்னால் ஒரு டிராக்டரை விட்டால் எதைப் பிடிப்பாய் என்றேன். அவன் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தான். உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன் ரிப்போர்ட்டை. தலை சரியாக இருக்கிறது.

அடுத்து வண்டி. வின்சுமில் வீபே கடைக்குப் போனேன். வீபே உன்னைவிட மோசம், மூச்சு விடாமல் பேசுகிறான். இதைப் பாருங்க, அதைப் பாருங்க என்று நட்சத்திரக் கணக்குத் தொடங்கினான். "தம்பி, நீ சும்மா இரு. நான் ஓட்டிட்டு வந்து சொல்றேன்" என்றேன். அன்றைக்கு மட்டும் மூன்று வண்டி ஓட்டினேன்.

முதல் வண்டிக்கு மோட்டார் முன்சக்கரத்தில். பின்மிதி பிரேக் உண்டு, அதைப் பார்த்ததும் பாதி மனசு விழுந்துவிட்டது. ஆனால் அது என் பேச்சைக் கேட்கவில்லை. பெடல் சுற்ற ஆரம்பித்தவுடன் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது, மிதிப்பதை நான் நிறுத்திய பிறகும் ஒரு மூச்சு தள்ளிவிட்டுத்தான் அடங்குகிறது. உன் அப்பாவுக்கு வாக்குவாதத்தில் இந்தக் குணம் இருந்தது. அவரோடு நாற்பத்தாறு வருஷம் வாழ்ந்தாயிற்று, சைக்கிளோடும் வாழ வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதோடு இலையுதிர் காலத்தில் கிழங்கு வண்டிகள் சாலையெல்லாம் சேறு தள்ளிவிட்டுப் போகும். முன்சக்கரம் இழுத்தால் வழுக்கும்.

இரண்டாவது, வீபேயின் செல்லம். சங்கிலிக்குப் பதில் பெல்ட், ஹேண்டில்பாரில் டி.வி. மாதிரி ஒரு திரை. சத்தமே இல்லை. அருமையான வண்டி. இரண்டு கைக்கும் பிரேக், காலுக்கு ஒன்றும் இல்லை. இறங்கி, அவனிடம் கொடுத்துவிட்டேன். அவன் முகம் வாடிப்போயிற்று.

மூன்றாவது ஜன்னல் பக்கம் ஓரமாக நின்றது. நிறம் சகிக்காது, வாடிய முட்டைக்கோஸ் நிறம். மோட்டார் நடுவில், பெடலுக்கு அடியிலேயே. நான் எவ்வளவு அழுத்துகிறேனோ அவ்வளவுதான் அதுவும் உதவுகிறது, விட்டால் அதுவும் விட்டுவிடுகிறது. நிமிர்ந்து உட்காரலாம், சுற்றிலும் என்ன நடக்கிறது என்று தெரியும். நடுச்சட்டம் தாழ்வு, பாவாடையோடு ஏறினேன். பேட்டரி கழற்றலாம். காலைப் பின்னால் மிதித்தேன், நின்றது. கடை வாசலில் ஏழெட்டு முறை மிதித்து மிதித்து நிறுத்தினேன். வீபே, "இதெல்லாம் இப்ப ரொம்ப பேர் கேக்கறதில்லீங்க" என்றான். "நான் கேக்கறேன்ல?" என்றேன்.

வாங்கிவிடவில்லை. ஒரு வாரம் இரவல் எடுத்து, பொருள் ஏற்றி, மழையில், எதிர்காற்றில் ஓட்டினேன். வீட்டுக் கொட்டகைப் படியில் ஏற்றிப் பார்த்தேன். எடை அதிகம், ஆனால் ஒரு பித்தானை அழுத்தினால் தானாக மெல்ல நகர்ந்து ஏறுகிறது, நான் பிடித்துக்கொண்டால் போதும். எட்டாம் நாள் பணம் கட்டினேன். உங்கள் வண்டியை எடுக்க இவ்வளவு தூரம் யாராவது நடந்தீர்களா?

ஹெல்மெட் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். இந்த ஊரில் என்னை எல்லோருக்கும் தெரியும், மரித். இப்போதைக்கு அதில் ஸ்ட்ராபெர்ரி பறித்துப் போட்டிருக்கிறேன்.

அம்மா

உட்ரெக்ட், ஜூன் 8

அம்மாவுக்கு,

ரிப்போர்ட் வந்தது. படித்தேன். சந்தோஷம்தான்.

ஆனால் இதைக் கேள். ஆமர்ஸ்ஃபோர்ட்டிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஒரு வீடு காலியாகிறது. இரண்டாம் மாடி, பால்கனி மேற்குப் பக்கம். மாத முடிவுக்குள் வருகிறோமா இல்லையா என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் வரிசையில் கடைசிக்குப் போய்விடுவோம், இன்னும் பல வருஷம் ஆகும். அம்மா, இப்போது நீ வண்டியைப் பற்றிப் பேசுகிறாய், நான் அதற்கு அடுத்ததைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்று உனக்கு ஒரு தடவையாவது தோன்றியதா? அப்பா போன அன்றைக்கு எனக்கு வந்த போன் கேர்ட்டிடமிருந்து. நீ ஆம்புலன்சில் இருந்தாய், அவர்தான் கூப்பிட்டார்.  ஏப்ரலில் அந்தச் சனிக்கிழமை என் போனில் மறுபடியும் அவர் பெயர் வந்தது. எடுக்கவே பயந்தேன். மணி அடித்து அடித்து நின்றுபோயிற்று. மறுபடியும் அடித்தபோது எடுத்தேன். நீ இறந்துவிட்டாய் என்றே நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "உங்கம்மா வாத்து மாதிரி நீந்திட்டு வராங்க" என்றார். நான் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

நான் உன்னை அடைத்து வைக்கப் பார்க்கவில்லை. அப்பா போன அன்றைக்கு வந்த மாதிரி இன்னொரு போனை எடுக்க எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

நடந்து நடந்து காலில் கொப்புளம். நாளையிலிருந்து அந்த வண்டியையே ஓட்டப் போகிறேன். பாசி வாடை போய்விட்டது.

மரித்

ஏன்ரும், ஜூன் 12

அன்புள்ள மரித்,

உன் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, காபி போட்டேன். காபியோடு ஒரே ஒரு பிஸ்கட் என்பதுதான் என் கணக்கு, அன்றைக்கு இரண்டாவதும் எடுத்துத் தின்றேன். அந்த போனைப் பற்றி நீ சொன்னதில்லை. அப்பா போன அன்றைக்கு யார் உனக்குச் சொன்னார்கள் என்று நான் கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டும். 

இருந்தாலும் வரமாட்டேன். உன் பயத்துக்கு மருந்து என் வீட்டை விற்பது இல்லை. நான் மேற்குப் பக்கப் பால்கனியில் உட்கார்ந்து யாருடைய காற்றையோ பார்த்துக்கொண்டிருந்தால், உனக்குத் தூக்கம் வரும், எனக்கு உயிர் போகும். கேர்ட்டிடம் சொல்லிவிட்டேன், இனி எதுவானாலும் முதலில் யெல்லேயைக் கூப்பிடு என்று. அவன் கல் மாதிரி, தாங்குவான்.

லாவர்ஸோக் போய்வந்தாயிற்று. நேற்று. போகும்போது வடமேற்குக் காற்று, அணைக்கட்டின் மேல் ஆடுகள் குறுக்கே படுத்துக் கிடந்தன. பின்னால் மிதித்தேன், நின்றேன், ஆடுகள் எழுந்து போயின, கிளம்பினேன். உன் தம்பி சாதாரணச் சைக்கிளில் என்னைப் பிடிக்க முடியாமல் நாக்குத் தள்ளி வந்தான். துறைமுகத்தில் பொரித்த மீன் வாங்கிக் கொடுத்தேன், பாவம். ஒரு தப்பும் இல்லை. அவனைக் கேட்டுக்கொள்.

இன்னொரு முக்கியமான விஷயம். நீ அந்த வண்டியை ஓட்டப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மரித், ஜாக்கிரதை. அதற்குக் காலில் பிரேக் கிடையாது. வாங்கிக் கொடுத்தவளுக்கே சொல்கிறேன் என்று சிரிக்காதே.

அம்மா

உட்ரெக்ட், ஜூன் 21

அம்மா,

இடது கைக்குக் கட்டு. எழுதுகிற கை நன்றாக இருக்கிறது. கேர்ட் மாதிரி வேறு யாராவது உனக்குப் போன் செய்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

நேற்றுச் சந்தை நாள். உன் வண்டியில்தான் போனேன். பத்து நாளாக ஓட்டுகிறேன், நன்றாகப் பழகிவிட்டது, கை பிரேக் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்த வருஷத்துப் புது ஹெரிங் மீன் வந்திருக்கிறது என்று மீன் வண்டியைச் சுற்றி ஒரே கூட்டம், ஆளாளுக்கு மீனின் வாலைப் பிடித்து அண்ணாந்து வாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒருத்தி தள்ளுவண்டியோடு என் முன்னால் திரும்பினாள். உள்ளே குழந்தை.

நான் காலைப் பின்னால் மிதித்தேன் அம்மா.

பெடல் சும்மா சுற்றியது. இன்னொரு தடவை மிதித்தேன். அப்புறம் நீ செய்ததைத்தான் செய்தேன். குழந்தையா மீனா என்று பார்த்து மீன் பக்கம் திருப்பினேன். ஒரு பெரியவர் அண்ணாந்தபடியே நகர்ந்துகொண்டார். நறுக்கின வெங்காயத் தொட்டி முழுக்க என் மேல். ஊறுகாய்த் தட்டு தனி. மீன்காரர் என்னைத் தூக்கி நிறுத்தி, "பிரேக் எங்கேம்மா உனக்கு?" என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன். வெங்காயம் என்று அவர் நினைத்திருப்பார்.

எனக்கு நாற்பத்தாறு வயது. எனக்கு மறதி இல்லை. டாக்டர் என்னைக் கடிகாரம் வரையச் சொல்ல மாட்டார். இரண்டு கையும் அந்தப் பிரேக்கின் மேலேயே இருந்தன, அது எனக்குத் தெரியும், ஆனால் கால்தான் போயிற்று. அதைவிட ஒன்று. அந்த நொடியில் என் காதில் ஒரு குரல் கேட்டது. நம் தெருவில், எனக்கு ஐந்து வயது, நீ என் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருகிறாய், கால்வாய் நெருங்குகிறது, நீ கத்துகிறாய், "பின்னால மிதிடீ, பின்னால மிதி!" என்று. நீ சொன்னபடியே செய்தேன். நாற்பது வருஷம் கழித்தும் நீ சொன்னபடியே செய்தேன்.

நீயும் அன்றைக்கு மறக்கவில்லை. உன் காலுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஞாபகம் இல்லாமல் போனது எனக்கு. பின்மிதி பிரேக் எங்கே என்று நீ கேட்டாய், நான் சிரித்தேன். இருபது பேர் முன்னால் சிரித்தேன். மன்னித்துக்கொள்.

ஆமர்ஸ்ஃபோர்ட்டுக்கு வேண்டாம் என்று எழுதுகிறேன். வரிசையிலிருந்து உன் பெயரையே எடுத்துவிடச் சொல்லப் போகிறேன். வெள்ளிக்கிழமை விடுமுறை போட்டிருக்கிறேன், வரட்டுமா? வின்சும் ஸ்டேஷனில் இறங்கி, கேர்ட்டின் கார் இருந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் நீ சொன்ன அந்தப் பேருந்தைப் போன் செய்து கெஞ்சிப் பிடிக்கிறேன். உன் முட்டைக்கோஸ் வண்டியையும் பார்க்க வேண்டும்.

உன் மகள்
மரித்

ஏன்ரும், ஜூன் 23

அன்பு மகள் மரித்துக்கு,

கையை உயர்த்தி வைத்துக்கொள், தொங்கவிடாதே. வெங்காய வாடைக்குத் தலையை வினிகரில் அலசு. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை அல்லவா, அதை நீ எழுதவே இல்லை. ஆகியிருந்தால் எழுதியிருப்பாய்.

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். சிரித்தேன், அப்புறம் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நான் கத்தினது உனக்கு இன்னும் கேட்கிறது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு நீ கால்வாய்க்கு ஒரு முழம் முன்னால் நின்றாய். நின்றுவிட்டுத் திரும்பி, "அம்மா நான் நிறுத்திட்டேன்" என்றாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. டாக்டர் கேட்கிற ஐந்து வார்த்தையைவிட நன்றாக.

மன்னிப்பு கிடைத்தது. இனி அதைப் பேச வேண்டாம்.

அந்த வீட்டை வேண்டாம் என்று சொல். ஆனால் வரிசையிலிருந்து என் பெயரை எடுக்காதே. ஆமாம், சரியாகத்தான் படிக்கிறாய். கடைசிக்குப் போனால் போகட்டும், எனக்கு அவசரம் இல்லை. என் காலும் ஒரு நாள் நிஜமாகவே மறக்கும். கொட்டகையில் நின்று, எந்தப் பக்கம் மிதிப்பது என்று யோசிப்பேன். அந்த நாள் வந்தால் உனக்கு நானே எழுதுவேன். கேர்ட் இல்லை, டாக்டர் இல்லை, நான். உனக்கு வேறு யாரிடமிருந்தும் போன் வராது. அதற்கு என் வாக்கு. பதிவுக் காகிதத்தைக் கொண்டு வா, இந்தத் தடவை பெயரை என் கையால் எழுதிக் கொடுக்கிறேன்.

கார் வேண்டாம், பேருந்தும் வேண்டாம். ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். கனமான கேரியர் போடச் சொல்லித்தான் வண்டி வாங்கினேன், யெல்லேயை ஏற்றிச் சோதித்தும் ஆயிற்று, அவன் உன்னைவிடக் கனம். நீ கட்டுப் போட்ட கையோடு பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்துகொள், மற்றக் கையால் என் இடுப்பைப் பிடித்துக்கொள். ஹெல்மெட்டையும் கொண்டு வருகிறேன், ஸ்ட்ராபெர்ரிக் கறை கழுவியாயிற்று. அது உன் தலைக்கு.

திரும்பும்போது எதிர்காற்றாக இருக்கும். இருக்கட்டும். நான் மெதுவாகக் கிளப்புவேன், நீ கூடவே ரெண்டு எட்டு ஓடி வந்து தாவி ஏறு, பள்ளிக்கூட வாசலில் ஏறுவாயே அப்படி. எப்படி என்று யோசிக்காதே. உன் காலுக்குத் தெரியும்.

அம்மா